கிளாக்கோமா: சொட்டு மருந்து மட்டும்தான் வழியா?

"மூணு மாசமா மருந்து போடுறேன் டாக்டர், பார்வை கொஞ்சம்கூடத் தெளியலையே." கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. சொல்பவர்களில் பலர் சில வாரங்களில் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். அதனால் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்வை நரம்பில் அழிந்துபோன இழைகளை எந்த மருந்தாலும், எந்த ஆபரேஷனாலும் இன்றுவரை மீட்க முடியாது. மிச்சம் இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும்.

கண் அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றுதான் நம் கையில் உள்ள நிரூபணமான வழி. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்கிறோம். ஆனால் 17, 18 இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு. நரம்பு எவ்வளவு சேதமாகியிருக்கிறது, வயது என்ன என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு வைக்கிறோம். உங்கள் இலக்கு என்ன என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் சொட்டு மருந்தில்தான் தொடங்குகிறோம். லட்டானோபிராஸ்ட் வகை, இரவில் ஒரு சொட்டு போதும். கண் சிவக்கலாம், இமை முடி நீளலாம். டிமோலால் நல்ல மருந்துதான், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. மூச்சிரைப்பு இருந்தால் கண் டாக்டரிடமும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் முன்னால் ஒரு சொட்டு போட்டுக் காட்டச் சொல்வது என் வழக்கம். பாதிப் பேருக்கு மருந்து கன்னத்தில் வழியும். சிலருக்குக் குப்பியின் முனை இமையில் இடிக்கும். கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தக் குழியில் ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் இறங்குவது குறையும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்.

லேசர் என்றதும் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கண் நீர் வெளியேறும் மூலை அடைபடாமல் இருக்கும் திறந்த கோண வகைக்கு, அந்த வடிகாலில் ஒளி பாய்ச்சும் எஸ்.எல்.டி. லேசரையே முதல் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியானது. அதில் லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் மூன்று வருடம் சொட்டு மருந்தே இல்லாமல் இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில வருடங்களில் பலன் குறையலாம்; அப்போது மறுபடியும் செய்யலாம். தினமும் மருந்து போடச் சிரமப்படுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

நம் ஊரில், அந்த மூலை அடைபடும் மூடிய கோண வகையும் கணிசம். அதற்குக் கண்ணின் நிறமுள்ள திரையான ஐரிஸில் லேசரால் சிறு துளை போடுகிறோம். அழுத்தம் மிக அதிகமாக உள்ள ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, புரை முற்றாவிட்டாலும் கண் லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பது அதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவை போதாதபோதுதான் ஆபரேஷன். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறப் புதுப் பாதை அமைக்கும் டிராபெக்குலெக்டமி 1960-களில் வந்தது; முற்றிய நோய்க்கு இன்றும் நான் நம்புவது அதைத்தான். அது பலிக்காத கண்களுக்குக் குழாய் பொருத்துகிறோம். கண் சிகிச்சைப் பொருள்கள் தயாரிக்கும் மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் அப்படி ஒரு குழாயைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்களுக்கும் வழி திறந்தது. புரை ஆபரேஷனோடு சேர்த்து வைக்கும், கண் நீர் வடிய உதவும் ஸ்டென்ட் என்ற நுண்ணிய குழாய்களும் வந்துவிட்டன. ஆரம்ப, நடுத்தர நிலைக்கு அவை சரி. நோய் முற்றியவர்களுக்கு அழுத்தத்தை அந்த அளவு இறக்காது. விளம்பரத்தைப் பார்த்து அதையே வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம் ஒன்று. டிராபெக்குலெக்டமி செய்த கண்ணில் மேல் இமைக்கு அடியில் ஒரு சிறு கொப்புளம் இருக்கும். பல வருடம் கழித்தும் அதில் கிருமி தொற்றலாம். கண் சிவந்து, பீளை தள்ளி, வலியோ மங்கலோ வந்தால் மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.