பட்டினி கிடக்கும் பவளம்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு வாராவாரம் ஒரு சோதனை உண்டு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் சில சொட்டு ரசாயனம், கொஞ்சம் பொடி. குலுக்கி வைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் என்னும் சத்து இருந்தால் மெல்லிய நீலம் ஏறும். ஜன்னலோரம் கொண்டுபோய், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் நீலம் தெரியவில்லை என்றால், புதிதாகத் தொட்டி வைத்தவர் சந்தோஷப்படுவார். பழகியவருக்கு வயிற்றைக் கலக்கும்.

தொட்டியில் நாம் வளர்க்கும் பவளங்களில் பெரும்பாலானவற்றின் சதைக்குள் ஜூசாந்தெல்லா என்னும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சர்க்கரை தயாரித்து, வீட்டுக்காரருக்கு வாடகை மாதிரி கொடுக்கின்றன. ஆனால் சர்க்கரை வெறும் எரிபொருள்தான். புது செல் கட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். தொட்டியில் இவை இரண்டும் வருவது பெரும்பாலும் மீனுக்குப் போடும் தீனியிலிருந்து.

வரும் வழி ஒன்று என்றாலும் போகும் வழி வேறு. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவைத் தொட்டிக்குள் அடுக்கிய கல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல்லின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்க, அது குமிழாகக் காற்றோடு கலந்துவிடும். பாஸ்பேட்டுக்கு இப்படிக் காற்றில் பறக்கும் வசதி கிடையாது. யாராவது தின்ன வேண்டும், அல்லது நாம் வெளியே எடுக்க வேண்டும்.

அதனால்தான் ஸ்கிம்மர் என்னும் நுரை பிரிக்கும் கருவி. சன்னமான குமிழ்களின் மேல் கரிமக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறிக் கோப்பையில் வழியும். கெட்டியான டிகாஷன் நிறம், நாற்றமோ சொல்லி மாளாது. ஆனால் அது பிடிப்பது அழுகி நைட்ரேட், பாஸ்பேட் ஆவதற்கு முந்தைய சரக்கைத்தான். ஏற்கெனவே கரைந்துவிட்டதை எடுக்கத் தண்ணீர் மாற்றலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள், நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம்) இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாலும் 32 மிஞ்சும். பக்கத்துத் தொட்டியில் கடற்பாசி வளர்த்து அவ்வப்போது அறுத்து எறிவது நிதானமான வழி. வினிகர் ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்குபவர்களும் உண்டு. பாக்டீரியா சத்தை உண்ணும், ஸ்கிம்மர் பாக்டீரியாவை அள்ளும். அளவு தப்பினால் பாக்டீரியா ஆக்சிஜனையும் குடித்துவிடும், ராத்திரியோடு ராத்திரியாக மீன் மிதக்கும்.

இத்தனையும் ஒன்றாக ஓடினால் சத்து அடியோடு வற்றிவிடும். பவளம் வெளிறும். கூடவே பழுப்பு நிறத்தில், குமிழ் கோத்த சளி மாதிரி டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்பாசி படரும். போட்டிக்கு இருந்த மற்ற பாசிகள் பட்டினியில் ஒடுங்கியதால் அதற்குக் கொண்டாட்டம்.

கடல் பவளத்திட்டிலும் சத்து குறைவுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே அலை ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் அந்தப் பந்தி கிடையாது.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது: நைட்ரேட் ஏறியும் பாஸ்பேட் வற்றியும் கிடப்பது. நைட்ரஜன் கிடைக்கிறதே என்று பாசிகள் பெருகும், பாஸ்பரஸோ கைவசம் இராது. பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு வர வேண்டிய செல் சவ்வில் கந்தகம் சேர்ந்த கொழுப்பை வைத்து ஒட்டுப்போடும். அப்படிப்பட்ட பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்.

பலர் வைத்துக்கொள்ளும் அளவு நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. 200 லிட்டர் தொட்டியில் 0.03 என்பது மொத்தமே 6 மில்லிகிராம், சிட்டிகை உப்பில் துளி. 16:1 என்ற ரெட்ஃபீல்டு விகிதத்தைப் பிடித்துத் தொங்குபவர்களும் இருக்கிறார்கள். அது கடலின் மிதவை உயிரிகளில் நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் இருக்கும் விகிதம். தொட்டிக்கு யாரும் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு இல்லை. இரண்டும் பூஜ்யமாகாமல், திடீரென்று ஏறி இறங்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

பாஸ்பேட் ஏறிவிட்டது என்று இரும்பு ஆக்சைடு குருணையை அள்ளிப் போட்டு ஒரே நாளில் இறக்குவது வேண்டாம். பவளம் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. அப்புறம், இறங்கியது இறங்கியபடி நிற்கவும் செய்யாது. சுண்ணாம்புக் கல் மாதக்கணக்கில் பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறைய அதைக் கொஞ்சங்கொஞ்சமாக விடும். அடுத்த வாரம் குப்பியைக் குலுக்கினால் மறுபடி அதே நீலம்.