ராமையன்பட்டிக்குப் போகாத கழிவுநீர் எங்கே போகிறது?

நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ வீடு வைத்திருப்பவர்கள் பாதாளச் சாக்கடை இணைப்பு என்றதும் கேட்பது, டெபாசிட் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதுதான். நியாயமான கேள்வி. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உங்கள் வீட்டுக்கான தொகையைச் சொல்வார்கள். இணைப்பு எதற்கு என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

நகரங்களுக்கான குடிநீர் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 4.7 லட்சம். அப்படியானால் தினமும் சுமார் 5 கோடி லிட்டர். குழாய் வழியாகப் போவது ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். குழாயில் சேராதது தெரு வாறுகாலில் இறங்கி, கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று கிடைத்த வழியில் போகும். இவை வயலுக்கு வெட்டிய கால்வாய்கள் என்பதை ஊரே மறந்துவிட்டது. மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைப் பக்கம் நேராகத் தாமிரபரணி ஆற்றிலேயே கலப்பதும் உண்டு. அதே ஆற்றில்தான் கீழே வல்லநாட்டில் தூத்துக்குடிக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.

சாக்கடை கலந்தால் ஆறு நாறும் என்பது மட்டுமல்ல விஷயம். கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். கழிவு கூடக் கூட மீனுக்கு மூச்சு முட்டும். சுத்திகரிப்பு நிலையம் இதே வேலையை ஆற்றுக்கு வெளியே முடித்துவிடுகிறது. முதலில் கம்பிச் சல்லடை. அதில் மாட்டுவதைப் பார்த்தால் ஊர் என்ன செய்கிறது என்று தெரியும்: நாப்கின், ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, பழந்துணி. அடுத்து மண்ணைப் படியவிட்டு, காற்றுப்படும் தொட்டியிலோ குட்டையிலோ நுண்ணுயிரிகளைத் தின்னவிட்டு, சகதியைப் பிரித்து, கிருமி நீக்கி வெளியே விடுவார்கள். சாதாரண முறையில், செடிக்குச் சத்தாகும் பாஸ்பேட் உப்பு முழுசாகப் போகாது. ஆற்றில் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை கொழிப்பதற்குத் தீனி அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி ஆற்றிலோ கால்வாயிலோ மாசு கலக்கக் கூடாது. இது உள்ளாட்சிக்கும் பொருந்தும். வெளியேறும் நீருக்கு அளவுகோல் உண்டு. அதிலுள்ள கழிவைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே முக்கியமான அளவு. மத்திய அரசின் 2017 அறிவிக்கையில் பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு இது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆகக் குறைத்தது. வீட்டுச் சாக்கடையில் இது சாதாரணமாக 200-ஐத் தாண்டும்.

சரி, வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? தெருவில் குழாய் வந்திருந்தால் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். கழிப்பறை மட்டுமல்ல, குளியலறை, அடுப்படித் தண்ணீரும் அதில் சேர வேண்டும். மொட்டைமாடியில் விழும் மழைத்தண்ணீரை மட்டும் அதில் விடாதீர்கள்; ஐப்பசி மழையில் ஆள்நுழைவுக் குழி பொங்கித் தெருவில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழாய் வராத தெருவில் செப்டிக் டேங்க்தான். அதன் போக்குநீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், வாறுகாலுக்கு அல்ல. நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். பல வீடுகளில் கொத்தனாரே அப்படி வைத்துக் கொடுத்துவிடுகிறார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சகதியை எடுத்துவிடுங்கள். உரிமம் உள்ள லாரியையே கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் கேட்கலாம். எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும், ராத்திரியில் குளத்தங்கரையில் அல்ல. அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும்.

சாக்கடை கலப்பதைப் பார்த்தால் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மனு கொடுக்கலாம். எந்தக் கால்வாய், எந்தத் தெருமுனை, எத்தனை மணி என்று எழுதி, போட்டோவும் வையுங்கள். ‘தாமிரபரணி கெட்டுப்போச்சு’ என்று மட்டும் எழுதினால் எந்தப் பொறியாளரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.