‘சே அகெய்ன்’ கேட்பதில் என்ன வெட்கம்?

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ரேடியோவில் கதைக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி பார்க்க வந்தான். வயது 19. வீட்டுக் கொம்பியூட்டரில், விமானம் ஓட்டுவதுபோலப் பழகும் சிமுலேட்டரில், எட்டு மாதமாகக் கட்டுநாயக்காவுக்கும் பலாலிக்கும் இடையே பறந்துகொண்டிருக்கிறான். குறுக்குக் காற்றில் இறக்குவது எப்படி என்று அவன் விளக்கிய விதத்தை என் வகுப்பு மாணவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

“ஒன்லைனில் பறந்ததுண்டா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். “இல்லை சேர். எனக்கு இங்கிலிஷ் வடிவாக் கதைக்க வராது. அங்க எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பினம். வீட்டில அம்மாவும் கேப்பா.”

இந்த வருடம் இதே பேச்சை நான் கேட்பது ஐந்தாவது தடவை. ஐந்து பேரும் கெட்டிக்காரர். ஐந்து பேரும் தமிழ்ப் பிள்ளைகள். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

சிமுலேட்டரில் பறப்பவர்கள் ஒன்லைனில் ஒன்றுசேர்ந்து, ரேடியோவில் கதைத்துப் பறக்கும் வலையமைப்புகள் இரண்டு உண்டு. ஐவாவோ 1998இலும் வாட்சிம் 2001இலும் தொடங்கின. இரண்டும் இலவசம். பறப்பவரும் தன்னார்வலர், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும் தன்னார்வலர். அந்தக் கன்ட்ரோலரும் ஒரு காலத்தில் முதல் தடவை மைக்கை அழுத்திக் கை நடுங்கியவர்தான்.

இனி இந்த இங்கிலிஷ் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவில் கதைப்பது இலக்கிய ஆங்கிலம் இல்லை. அது ஒரு சில நூறு சொற்களைக்கொண்ட தொழில் மொழி. அந்த மொழியை ஆக்கியவர்கள் உங்கள் நாக்கையும் என் நாக்கையும் மனதில் வைத்தே ஆக்கினார்கள். மூன்று என்ற எண்ணை ‘த்ரீ’ என்று சொல்லாதே, ‘ட்ரீ’ என்று சொல் என்பதுதான் சர்வதேச விதி. ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. ‘த்’ ஓசை உலகில் பாதிப் பேருக்குச் சரியாக வராது என்று தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குச் சொல்லும் ‘அல்ஃபா, பிராவோ’ வரிசையையும் பல நாட்டவரைச் சொல்லவைத்துச் சோதித்த பிறகே 1956இல் இறுதியாக்கினார்கள்.

உண்மையான விமானிகளின் நிலை என்ன? சர்வதேசப் பறப்புக்கு அவர்களுக்குத் தேவையான ஆங்கிலத் தரம் ஆறில் நான்கு. அந்த நான்காம் தரத்தின் விளக்கத்திலேயே உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கும் என்று எழுதியிருக்கிறது. அது விளங்கிக்கொள்வதற்குச் சில வேளைகளில் இடைஞ்சலாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறது. பயணிகளை ஏற்றிப் பறக்கிறவருக்கே அவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்து பறக்கும் பிள்ளை எதற்காக ஒளிய வேண்டும்?

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1990 ஜனவரி 25ஆம் திகதி அவியங்கா 52 விமானம் நியூயோர்க்கில் இறங்க இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. உச்சரிப்பு அழகாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். சரியான சொல் வந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

அதனால், விளங்கவில்லை என்றால் ‘சே அகெய்ன்’, அதாவது திரும்பச் சொல்லுங்கள், என்று கேளுங்கள். வகுப்புப் பரீட்சையில் அதற்கு நான் ஒரு புள்ளியும் வெட்டுவதில்லை. விளங்காததை விளங்கியதுபோல் திருப்பிச் சொன்னால் வெட்டுவேன். செய்ய முடியாததைச் செய்யச் சொன்னால் ‘அனேபிள்’ (முடியாது) என்று சொல்லுங்கள். பிழையாகச் சொல்லிவிட்டால் ‘கரெக்‌ஷன்’ சொல்லித் திருத்துங்கள், மன்னிப்புக் கேட்டு அலைவரிசையை நிரப்பவேண்டாம். ‘ஸ்டாண்ட் பை’ என்றால் பதில் தேவையில்லை, காத்திருந்தால் சரி.

முதல் நாளே பெரிய நிகழ்வு நடக்கும் விமானநிலையத்துக்குப் போகாதீர்கள். மற்றவர்கள் கதைப்பதை அரை மணி நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். இணையும்போது விமானம் தரிப்பிடத்தில் நிற்கட்டும். ஓடுபாதையில் நின்றபடி இணைந்து, இறங்க வருகிறவரின் முன்னால் திடீரென்று முளைப்பதுதான் உண்மையில் ஏச்சு வாங்கித்தரும் பிழை! குரல் எழும்பவில்லை என்றால் எழுத்தில் பதில் தரலாம், அதற்கு விதியிலேயே இடம் உண்டு. புதியவன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பெரும்பாலான கன்ட்ரோலர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். யாராவது எரிந்து விழுந்தால் அது அவருடைய குறை. அன்றைக்கு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விடுங்கள், சிமுலேட்டரை விட்டுப் போகாதீர்கள் பிள்ளைகளே.

அந்தத் தம்பிக்கு முதலில் இரத்மலானையில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வைத்து, கன்ட்ரோலர் இல்லாத நேரத்தில், அப்படியான நேரத்துக்குரிய பொது அலைவரிசையான 122.800இல் எழுத்தில் மட்டும் அறிவித்து வட்டம் அடிக்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவன் வீட்டுக்கே போனேன். கன்ட்ரோலர் இருந்த ஒரு சிறிய ஐரோப்பிய விமானநிலையத்தைத் தெரிந்தோம். சொல்லவேண்டியதைக் கொப்பியில் பென்சிலால் எழுதிவைத்திருந்தான். பொத்தானில் விரலை வைப்பான், எடுப்பான், திரும்ப வைப்பான். காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய் முடியும்வரை காத்திருந்தான். பிறகு அழுத்தினான். பதில் வந்தது, வேகமாக வந்தது. கியூ.என்.எச். எனப்படும் காற்றழுத்த எண் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை.

“சே அகெய்ன் கியூ.என்.எச்.”

“வன் சீரோ சீரோ நைனர்,” என்று அந்தக் குரல் ஆறுதலாகச் சொன்னது. அவன் திருப்பிச் சொல்லிவிட்டு, கொப்பியில் 1009 என்று எழுதிக் கீழே கோடு போட்டான். அடுத்த அறையில் டீவிச் சத்தம் குறைந்திருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பொத்தானை மறுபடி அழுத்தி டக்ஸிக்கு, அதாவது ஓடுபாதைக்கு விமானத்தை உருட்டிக்கொண்டு போக, அனுமதி கேட்டான்.