மோட்டாரைக் கருக்கும் ஒற்றைச் சுற்று

யாங்கோனில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தண்ணீர் மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, மறுபடியும் கருகிவிட்டது. ஃபியூஸ் போகவே இல்லை. கண் பட்டுவிட்டது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையில் என்னதான் நடக்கிறது?"

மோட்டார் வாங்கும் மின்சாரம் முழுவதும் தண்ணீரைத் தூக்கப் போவதில்லை. கம்பியிலும் இரும்பிலும் பேரிங்கிலும் ஒரு பங்கு வெப்பமாகிறது. கம்பியின் பங்கு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நம் ஊரில் மின்சாரம் வந்ததும் கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடுகிறோம்; வோல்டேஜ் சரிகிறது. ஆறு மாடி உயரம் குறையாததால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் கம்பியின் வெப்பம் ஏறத்தாழ 23 சதவீதம் கூடும். 230 வோல்ட் 160 ஆகிவிட்டால் கிளம்பும் விசையே பாதிக்குக் கீழே போய்விடும். சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல மூன்று, நான்கு மடங்கை இழுக்கும். கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சுக்கு, ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பமும் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்குகிறது.

ஒருநாள் பூச்சு உதிர்ந்து, அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொள்கின்றன. எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான். தொட்ட இடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் அந்த ஒற்றைச் சுற்று இப்போது மூடிய வளையம். மீதிச் சுற்றுகள் எழுப்பும் மாறும் காந்தப்புலத்தின் நடுவே அது ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கமாக, அதாவது மின்சாரம் தூண்டப்படும் பக்கமாக, மாறிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைண்டிங்கில், அதாவது கட்டிய காயிலில், 230 சுற்றுகள் என்று வைத்துக்கொண்டால் சுற்றுக்கு ஒரு வோல்ட். அரை மீட்டர் நீளமும் 0.6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தாமிரக் கம்பியின் தடை சுமார் 0.03 ஓம். அப்படியானால் அந்த வளையத்துக்குள் 30 ஆம்பியருக்கு மேல் சுழல முடியும்! வழக்கமாக 3 ஆம்பியர் ஓடும்போது கால் வாட் வெப்பம் தரும் கம்பி, இப்போது 30 வாட்டைத் தாண்டுகிறது. பக்கத்துச் சுற்றின் எனாமல் உருகுகிறது, அதுவும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் தொடக்கத்தில் 0.15 ஆம்பியர்கூடக் கூடுவதில்லை. ஃபியூஸுக்கு எப்படித் தெரியும்?

மல்டிமீட்டருக்கும் தெரியாது. 230 சுற்றில் ஒன்று குறைந்தால் தடை 0.4 சதவீதம் இறங்கும். வைண்டிங் ஒரு டிகிரி குளிர்ந்தாலே அவ்வளவு இறங்கிவிடும். மெக்கர் என்ற கருவி சோதிப்பது கம்பிக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையிலுள்ள மின்காப்பை. அது நன்றாகவே இருக்கும். கண்டுபிடிக்க உதவுவது குரௌலர். அந்தச் சிறிய மின்காந்தத்தை மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டருக்குள் வைத்து, ஹேக்ஸா பிளேடு ஒன்றைக் கம்பி அமர்ந்திருக்கும் ஒவ்வொரு காடியாக (பள்ளமாக) நகர்த்திப் பார்ப்பார்கள். கெட்ட சுற்று இருக்கும் காடிக்கு வந்ததும் பிளேடு கிர்ரென்று அதிரும். தொடாமலே உள்ளே ஓடும் மின்னோட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த இரும்புத் துண்டைத் தொழிற்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

எலுமிச்சம்பழம் கட்டுவதை நான் ஏன் எதிர்க்கிறேன் என்றால், அதைக் கட்டிய நிம்மதியில் மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டரையும் மாலைநேர வோல்டேஜையும் யாரும் பார்ப்பதில்லை. 180 வோல்டுக்குக் கீழே போனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றை முதலில் பொருத்துங்கள்.

காயில் கட்டுபவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: பழைய கம்பியை எப்படி எடுத்தார்? மோட்டாரை நெருப்பில் போட்டுக் கொளுத்தியிருந்தால், இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய காப்புப் பூச்சும் கருகியிருக்கும். தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடும். அதன் மேல் எவ்வளவு நல்ல கம்பியைச் சுற்றினாலும் மோட்டார் முன்பைவிடச் சூடாகத்தான் ஓடும்.