வண்டி குட்டை, கால் நெட்டை

பனிக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது பிசியோதெரபிக்கு என்னிடம் வருபவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஆறடியைத் தாண்டிய உயரம், நாற்பதைத் தாண்டிய வயது, ஏதாவது ஒரு முழங்காலில் பழைய பாக்கி. மாடிப்படி ஏறும்போது சமாளித்துவிடுவார்கள். இறங்கும்போதுதான் கை தானாகக் கைப்பிடிச் சுவரைத் தேடும். அவர்கள் கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விதான்: ஸ்னோமொபைலில் (முன்னால் ஸ்கீ சறுக்குப் பலகையோடு பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) அரைமணி நேரம் போனாலே முழங்கால் கடுக்கிறது, இன்னும் மெத்தென்று ஒரு சீட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. பெரும்பாலும் இன்னும் மோசமாகும். ஏன் என்பதை ஒருவருடைய காலை வைத்தே சொல்கிறேன்.

அவர் உயரம் 193 சென்டிமீட்டர். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். கிளினிக் வாசலிலேயே, பனி பூட்ஸும் தடித்த கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னேன். வீட்டுச் செருப்போடு அளந்தால் கணக்கு தப்பும். பூட்ஸின் அடிப்பாகம் முழங்காலை இன்னும் மேலே தூக்கிவிடும். கோணமானியை வைத்துப் பார்த்தேன். காலை நேராக நீட்டியிருப்பது சுழியம் என்றால், அவர் முழங்கால் 104 பாகை மடங்கியிருந்தது. இடுப்பைவிட முழங்கால் அரைச் சாண் உயரத்தில் நின்றது. முக்காலியில் உட்கார்ந்த ஒட்டகச்சிவிங்கி என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அப்படியே எழுந்து நிற்கச் சொன்னேன். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இழுத்து, ஒரு முனகலோடு எழுந்தார். பிறகு சீட்டின் மேல் மூன்று அங்குலத்துக்கு, அதாவது ஏழரை சென்டிமீட்டருக்கு, அழுத்தமான ஃபோம் பலகை ஒன்றை வைத்தேன். கோணம் 95-க்கு வந்தது. ஒன்பது பாகைதான் வித்தியாசம். இந்த முறை எழுந்தவர், நம்பிக்கை வராமல் மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்த்துக்கொண்டார். கை ஹேண்டில்பாரில் வெறுமனே இருந்தது.

ஸ்னோமொபைல் ஓட்டுவதை உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைக்கிறோம். பாதை மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அரைகுறையாக எழுந்து உட்காருகிறோம். ஒவ்வொரு முறையும் தாழ்வான நாற்காலியிலிருந்து எழும் பாரம் முழங்கால் சில்லின் மேல் விழுகிறது. சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான அழுத்தம், சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி அளவுதான். படி ஏறி இறங்கும்போது சுமார் மூன்று மடங்கு. ஆழமாகக் குந்தி எழும்போது ஏழு மடங்கு வரை போகும். முழங்கால் எவ்வளவு மடங்கிய நிலையிலிருந்து எழுகிறோமோ, அவ்வளவுக்கு இந்தக் கணக்கு ஏறும். சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்தவருக்கு நறநறவென்ற சத்தமும் கடுப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. மடக்கிய காலோடு மணிக்கணக்கில் இருந்தால் சில்லைச் சுற்றியுள்ள திசுக்கள் இழுபட்டு அதை உள்ளே அழுத்தும். சினிமா பார்த்துவிட்டு எழும்போது சிலருக்கு வருவதும் இதே வலிதான்.

மெத்தென்ற சீட் ஏன் கூடாது என்பது இப்போது புரியும். நூறு கிலோ ஆள் உட்கார்ந்தால் அது அமுங்கும். கடையில் தொட்டுப் பார்த்தபோது இருந்த உயரம் பாதையில் இருக்காது. பல வருடம் ஓடிய வண்டியில் ஃபோம் செத்துப்போய் ஓர் அங்குலம் இறங்கியிருப்பது சர்வசாதாரணம். போன வருடம் இந்த வலி இல்லையே என்பவர்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது சீட்டைத்தான், முழங்காலை அடுத்துத்தான்.

இதில் கொஞ்சம் சரித்திரமும் உண்டு. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்த காலம் தொட்டு, வெகுகாலம் ஓட்டுபவர் சற்றுப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்து காலை முன்னே நீட்டித்தான் ஓட்டினார். 2003 மாடலாக வந்த ஸ்கீ-டூ ரெவ் அந்த இருப்பை மாற்றியது. ஓட்டுபவர் முன்னால் நகர்ந்தார். பாதம் பின்னால் வந்து இடுப்புக்குக் கீழே நின்றது. எழுந்து நின்று ஓட்ட அது பெரிய வசதி, வண்டியும் சொன்னபடி கேட்டது. மற்ற தயாரிப்பாளர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். சராசரி உயரக்காரருக்கு முழங்கால் கிட்டத்தட்ட செங்கோணத்தில் நிற்கும். தொடையும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியும் நீண்டவருக்கு மிச்சக் கால் போக இடமில்லாமல் மேலே போகிறது; வளைவில் திருப்பும்போது ஹேண்டில்பார் முழங்காலில் இடிக்கிறது. இடிக்காமல் இருக்க அவர் முழங்காலை வெளியே அகட்டுவார். சாயங்காலம் இடுப்பும் வலிக்கும்.

ஆகவே உயரமான, அழுத்தமான சீட். இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலான சீட்டுகளும், இருக்கிற சீட்டுக்கு அடியில் வைக்கும் ரைசர்களும் கிடைக்கின்றன. வாங்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முழு உடுப்போடு வண்டியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு முழங்கால் பக்கம் மேலே ஏறினால் சீட் உங்களுக்குக் குட்டை. கோடு மட்டமாகும்வரை அட்டையோ ஃபோமோ அடுக்கிப் பார்த்துவிட்டு, அந்த உயரத்துக்கு வாங்குங்கள். உயரம் கூடக் கூட வண்டியின் எடைமையமும் மேலே போகும், வளைவில் உடம்பை இன்னும் சாய்க்க வேண்டிவரும் என்பதால் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

என் 193 சென்டிமீட்டர்காரர் சீட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனார். ஜனவரியில் திரும்ப வந்தார். முழங்கால் தேவலை, இப்போது மணிக்கட்டும் கழுத்தும். தப்பு என்னுடையது. உடம்பு மூன்று அங்குலம் மேலே போனால் ஹேண்டில்பார் மூன்று அங்குலம் கீழே போன மாதிரிதானே? குனிந்து கையில் பாரத்தைப் போட்டு ஓட்டியிருக்கிறார். அன்றிலிருந்து சீட் உயரம், ஹேண்டில்பார் உயரம் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். (எழுதிக் கொடுக்கும் சீட்டைச் சொன்னேன், உட்காரும் சீட்டை அல்ல.)

ஹேண்டில்பாருக்கு ரைசர் போடும்போது த்ராட்டில் கேபிள், பிரேக் குழாய், கிரிப் சூடேற்றும் ஒயர் எல்லாவற்றுக்கும் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ரைசர் போட்ட பிறகு இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது த்ராட்டில் கேபிள் இழுபட்டு இன்ஜின் தானாக ஏறினால் அந்த வண்டியைப் பாதையில் இறக்கக் கூடாது. தெரியாத வேலை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சீட்டில் சற்றுப் பின்னால் நகர்ந்து காலை முன்னே நீட்டிக்கொள்வது நேரான பாதையில் நல்ல ஓய்வு. வளைவு வரும்போது முன்னே வந்துவிட வேண்டும். எடை பின்னால் இருந்தால் முன் ஸ்கீக்களில் பிடி குறைந்து, திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும்.

சஸ்பென்ஷனைப் பற்றி நான் பேசினால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். உயரமானவர்கள் எடையும் கூடுதலாக இருப்பார்கள். தொழிற்சாலையில் வைத்த ஸ்பிரிங் அளவு அவர்களுக்கு அநேகமாகப் போதாது. ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அடிவரை இறங்கி டமாரென்று இடித்தால், அந்த இடியை வாங்கும் அடுத்த ஷாக் உங்கள் முழங்கால். உங்கள் எடைக்கு ஏற்ப ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கசியும் பழைய ஷாக்கை மாற்றுங்கள்.

எழுந்து நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பலர் பாதத்தைக் கால் பலகையின் முன் குழிக்குள் சொருகி வைத்தபடியே எழப் பார்ப்பார்கள். கால் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தொடைத் தசை இழுக்க வேண்டும். முதலில் பாதத்தைப் பின்னால் இழுங்கள். நெஞ்சை ஹேண்டில்பார் மேல் கொண்டுவாருங்கள். மூக்கு கால்விரலுக்கு நேர் வந்ததும் இடுப்பு தானாகக் கிளம்பும். நின்ற பிறகு முழங்காலைப் பூட்ட வேண்டாம். லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி நில்லுங்கள். வலி வந்தபிறகு நிறுத்துவதற்குப் பதில், முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஒரு நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மூட்டு மெல்லத் தேய்வதால் வரும் வலி. ஒரே நொடியில் முழங்காலை முடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது: வண்டி சாயும்போது காலை வெளியே ஊன்றுவது. சைக்கிளில் பழகிய கால், தன்னிச்சையாக நீளும். பாதம் பனியில் புதைந்து அங்கேயே நிற்கும். இருநூறு முந்நூறு கிலோ வண்டி முன்னே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் முறுக்கிக்கொள்வது முழங்கால். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் குறுக்கு ஜவ்வு (ACL) கிழிந்து வந்தவர்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டால், 'சும்மா காலை ஊன்றினேன்' என்பார்கள். நீண்ட காலுக்கு நெம்புகோலும் நீளம். வண்டி சாய்கிறது என்றால் சாயட்டும், கால் பலகையிலேயே இருக்கட்டும். கவிழ்ந்தே தீரும் என்றால் வண்டியை விட்டு விலகுங்கள். புதைந்த வண்டியை மீட்கும்போதும் இதே கதைதான். தொடையளவு பனியில் நின்று உடம்பைத் திருப்பி இழுக்காதீர்கள். முதலில் மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டுங்கள், ஆள் வரும்வரை காத்திருங்கள்.

அடிபட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் இறங்கியிருக்கக்கூடும். நடுவழியில் மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, நிற்கும்போது முழங்கால் விட்டுவிடுவது, பாரம் தாங்காதது இவையெல்லாம் தைலம் தேய்த்துப் பார்க்கிற விஷயம் அல்ல. காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சுட்டால் அன்றைக்கே மருத்துவமனை.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மடக்கிய முழங்கால் காற்றை நேரே வாங்குகிறது. உயரமானவர்களின் முழங்கால், வண்டியின் முன் கண்ணாடிக்கும் பக்கத் தகட்டுக்கும் வெளியே துருத்தியே நிற்கும். முழங்காலில் தடுப்புப் பஞ்சு வைத்த கால்சட்டை நல்லது. சூட்டுப் பொட்டலத்தை நேரே தோலில் வைக்காதீர்கள், மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. முழங்கால் பட்டை போடுபவர்கள் அதை வண்டியில் உட்கார்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். நின்றபடி சரியாக இருப்பது, மடக்கும்போது பின்பக்கம் இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், பாதம் சீக்கிரம் விறைக்கும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்னைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறக் கூடாது, அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும். புது மூட்டு 110, 120 பாகை மடங்குவதே பலருக்கு உச்சம். குட்டையான சீட்டில் அந்த எல்லையில்தான் நாள் முழுக்க இருப்பீர்கள். முதல் சில வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக உடற்பயிற்சி. வண்டி சீட்டின் உயரத்தைக் கால் பலகையிலிருந்து அளந்துகொண்டு, வீட்டில் அதே உயரத்தில் ஓர் இருக்கை தேடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல், வலி இல்லாமல் பத்தும் வந்தால் சரி. வராவிட்டால் மேலே தலையணை வைத்து உயரத்தைக் கூட்டி, வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். பனி விழுவதற்கு எட்டு வாரம் முன்னால் தொடங்குவது உத்தமம். முன்பு சொன்னவர் முதல் நாள் நான்கோடு நின்றுவிட்டார், அதுவும் இரண்டு தலையணையோடு. மார்ச் மாதம் வந்தபோது ஒரு தலையணை போய்விட்டிருந்தது. இன்னொன்றை அடுத்த பனிக்குள் எடுத்துவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.