இரக்கம்: படுவதா, செய்வதா?

கிருபை, இரட்சிப்பு, ஸ்தோத்திரம் என்ற வரிசையில் 'இரக்கம்' என்பதையும் வேதாகமத்தோடு வந்த சொல்லாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கடற்கரைச் சொல். ஐந்திணைக்கும் உரிப்பொருள் (அந்தந்த நிலத்துக்கு உரிய உணர்வு) சொல்லும் தொல்காப்பியம் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று அடுக்குகிறது. அதில் இரங்கல், கடலும் கடற்கரையுமான நெய்தலுக்கு உரியது.

உறங்கு, உறக்கம்; மயங்கு, மயக்கம்; அதே போல இரங்கு, இரக்கம். பழைய பாட்டுகளில் முரசு இரங்கும், கடலும் இரங்கும். ஒலிப்பதும் இரங்குவதுதான், வாய்விட்டுப் புலம்புவதும் இரங்குவதுதான். செய்தித்தாளின் 'இரங்கல் செய்தி'யில் அந்தப் புலம்பல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் துன்பத்துக்காக உள்ளே எழும் அதே புலம்பலுக்குத்தான் இரக்கம் என்று பெயர்.

விவிலியத்தின் மூலமொழிகளில் இந்தப் புலம்பல் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு வேரால் உறவுள்ளது. கிரேக்கத்தில் இயேசு கூட்டத்தைக் கண்டு 'மனதுருகினார்' என்று வரும் இடங்களில் உள்ள வினைச்சொல், குடல் முதலான உள்ளுறுப்புகளின் பெயரிலிருந்து பிறந்தது. தமிழில் மனம் உருகுகிறது, அங்கே வயிறு கலங்குகிறது. 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்று சொல்லும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, இரங்கிய பிறகு என்ன? இங்கேதான் துணைவினை விளையாடுகிறது. பேச்சில் நாம் 'இரக்கப்படுகிறோம்'. கோபப்படுவது, வெட்கப்படுவது மாதிரி இதுவும் நமக்குள் நேர்கிற ஒன்று. 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாலும் இரக்கப்பட்டதாகவே கணக்கு. (திருக்குறளில் 'இன்னாது இரக்கப் படுதல்' என்று வருவது வேறு. அது இரத்தல், அதாவது பிறர் நம்மிடம் வந்து கையேந்துவது.)

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையின் முடிவைப் பாருங்கள். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனைக் கண்டும் இருவர் விலகிப் போக, பிறகு வந்த சமாரியன் காப்பாற்றுகிறான். அடிபட்டுக் கிடந்தவனுக்கு யார் பிறன், அதாவது அயலான், என்று இயேசு கேட்கிறார். கேள்வி கேட்க வந்த நியாயசாஸ்திரியின் (யூதச் சட்ட அறிஞரின்) பதில், பழைய மொழிபெயர்ப்பில், 'அவனுக்கு இரக்கஞ்செய்தவனே' (லூக்கா 10:37). கிரேக்கத்திலும் இரக்கத்தைச் 'செய்தவன்' என்றே இருக்கிறது. 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதை 'இரக்கம் காட்டியவரே' என்று மாற்றியது. படிக்கச் சரளம்தான். ஆனால் காட்டுவதற்கு முகம் போதும், செய்வதற்குக் கை வேண்டும். எனக்குப் பழையதே பிடிக்கிறது. அந்தக் கதையில் இரக்கம் என்பது காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும், கட்டிய கட்டும், சத்திரக்காரனிடம் எடுத்துக் கொடுத்த இரண்டு தெனாரியமும் (வெள்ளிக்காசும்) தான். விலகிப் போன அந்த இருவரும், ஆசாரியனும் லேவியனும் (இருவரும் ஆலயப் பணியாளர்கள்), உள்ளே இரக்கப்பட்டார்களா என்று கதை நமக்குச் சொல்வதில்லை. விலகிப் போனார்கள் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

கிரேக்கத்தில் ஏழைக்குக் கொடுக்கும் பிச்சைக்குப் பெயரே இரக்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். 'நீ தர்மஞ்செய்யும்போது' (மத்தேயு 6:2) என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது அந்தச் சொல். தர்மம் என்றதும் அந்த உறவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 'இரக்கச் செயல்கள்' என்று உடலுக்கு ஏழு, ஆன்மாவுக்கு ஏழு எனப் பதினான்கைச் சொல்லும். பசித்தவருக்கு உணவு, நோயாளியைப் பார்க்கப் போவது, இறந்தவரை அடக்கம் செய்வது என்று எல்லாமே செயல்தான்.

அப்புறம் அந்தப் பழைய குழப்பம்: கிருபையும் இரக்கமும் ஒன்றா? இரண்டும் அடிக்கடி கலந்தே வருகின்றன. ஆனால் அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது 'கிருபையும் இரக்கமும் சமாதானமும்' என்று தனித்தனியாகவே வாழ்த்துகிறார். தகுதி பாராமல் கிடைப்பது கிருபை. துன்பத்தைப் பார்த்து வருவது இரக்கம். பொது மொழிபெயர்ப்பில் அதே வாழ்த்து 'அருளும் இரக்கமும் அமைதியும்' என்று வருகிறது. கிருபை அருளாயிற்று, சமாதானம் அமைதியாயிற்று, இரக்கம் மட்டும் அப்படியே நின்றது. ஏற்கெனவே தமிழாக இருப்பதை எப்படித் தமிழாக்குவது?

கருணைக்கும் தயவுக்கும் வடமொழி வேர். தமிழில் இன்னும் இரண்டு நல்ல சொற்கள் உண்டு. தண்ணளி அழகான சொல், புழக்கத்தில் இல்லை. கண்ணோட்டம் குறளில் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பு. இன்று அது 'பார்வை' என்று பொருள் மாறிப்போனது. ஈவிரக்கம்தான் பாவம். ஈவு என்றால் கொடுப்பது. உணர்வையும் கொடையையும் சேர்த்துக் கட்டிய சொல்லை 'ஈவிரக்கமில்லாமல்' என்று இல்லாததைச் சொல்ல மட்டுமே வைத்திருக்கிறோம்.

எழுத்துப்பிழை ஒன்று. 'மனம் இறங்கி' என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. மனம் இரங்கும், மாடியிலிருந்துதான் இறங்குவோம். சமாரியன் மட்டும் இரண்டையும் செய்திருக்க வேண்டும், அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு போனது அவன் ஏறி வந்த சொந்தச் சவாரி மிருகத்தில்தானே.