வாய் திறக்கிறது, பிள்ளை சாப்பிடவில்லை

போன வாரம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 10 மாதம். எடை 7 கிலோ 100 கிராம். இந்த வயதில் ஆண்பிள்ளை 9 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். "சாப்பிடவே மாட்டேங்குறான் டாக்டரம்மா, பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்றார் அம்மா. தொக்கம் விழுந்திருக்கும், அதாவது சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும் என்று அதற்கு முன்பே இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டார்களாம்.

சரி, வீட்டில் எப்படி ஊட்டுவீர்களோ அப்படியே இங்கே ஊட்டுங்கள் என்றேன். என் மேசையிலிருந்த தடுப்பூசி அட்டைக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்தார். திரையில் கலர் கலராக ஏதோ ஆடத் தொடங்கியதும் பையனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. டிபன் பாக்ஸில் பால் ஊற்றி மிக்ஸியில் அரைத்த இட்லிக் கூழ். கரண்டி உதட்டில் பட்டால் வாய் திறக்கும், மூடும், விழுங்குவான். கரண்டியை ஒரு முறைகூட அவன் பார்க்கவில்லை. ஆறாவது வாயில் யாரோ கூப்பிட்டார்கள், படம் நின்றது. வாயும் மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, போன் இல்லேன்னா இப்பிடித்தான்" என்றார் அப்பத்தா, வழக்கில் ஜெயித்த தெம்போடு.

இந்த மாதத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். அழுதால் பால் பாட்டில், சோற்றுக்குப் போன். அழுகிற பிள்ளைக்குப் பல நேரம் வேண்டியது யாராவது தூக்கிப் பேசுவது. அதற்குப் பாலைக் கொடுக்கிறோம். சோற்று நேரத்தில் பசி வேண்டும். அதற்கு வேடிக்கை காட்டுகிறோம். இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, பிள்ளை சரியில்லை என்கிறோம்.

இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்கு 5 பாட்டில் பசும்பால். ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 7.4. இந்த வயதில் பத்தரை, பதினொன்றுக்குக் கீழே போனாலே ரத்தசோகை என்போம். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கி வந்த இரும்புச்சத்து சுமார் 6 மாதம் வரை தாங்கும். அதன்பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பசும்பாலில் இரும்பு மிகவும் குறைவு, போதாததற்கு வயிற்றையும் அடைத்துவிடும். ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பசியும் மந்தமாகும். பாலால் சோறு இறங்கவில்லை, சோறு இறங்காததால் ரத்தம் இல்லை, ரத்தம் இல்லாததால் பசி இல்லை. இதற்கு டானிக்கில் என்ன இருக்கிறது? 1 வயது வரை பசும்பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் இருக்கிறது, 2 வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

"பால் பத்தலையே" என்பீர்கள். 24 மணி நேரத்தில் 6 தடவைக்கு மேல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா? அப்படியென்றால் பத்துகிறது, பேச்சை விடுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று சித்திரை பிறந்ததும் கேட்க வருவார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். குடம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில், அந்தத் தண்ணீர் எந்த டிரம்மில் எத்தனை நாள் கிடந்ததோ, அதை 3 மாதப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? 6 மாதத்துக்குப் பிறகு, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், டம்ளரில், சாப்பாட்டோடு நாலு மடக்கு. அவ்வளவுதான்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். "போன் வெச்சா கிண்ணம் காலியாகுது டாக்டர், அப்புறம் என்ன தப்பு?" எல்லோரும் கேட்பது இதைத்தான். கிண்ணம் காலியாவது பெரிய விஷயம் இல்லையம்மா. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்குத் தெரியும். பசித்தால் தேடும், நிறைந்தால் முகத்தைத் திருப்பும். தாய்ப்பால் குடிக்கும்போது அதுவாகவே விட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். போனைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு அழிந்துபோகிறது. என்ன சாப்பிட்டோம், புளிப்பா இனிப்பா, சூடா ஆறினதா, எதுவும் மண்டையில் பதியாது. மெல்லவும் கற்றுக்கொள்ளாது. படம் பார்த்தபடி மெல்ல முடியாது என்பதால்தான் நீங்களும் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டுக் கூழாக்குகிறீர்கள். 9, 10 மாதத்துக்குள் கொஞ்சம் கட்டியான சாப்பாட்டுக்குப் பழகாத பிள்ளைகள்தான் 3 வயதில் ஒரு பருக்கை பட்டாலும் ஓங்கரிக்கிறார்கள். அவர்களையும் என்னிடம்தான் கொண்டுவருவீர்கள். கவனம் திரையில் இருக்கும்போது புரையேறும் ஆபத்து வேறு.

இதெல்லாம் சோற்றோடு போகிற நஷ்டம். அந்த அரைமணி நேரம் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆ" என்றால் அதுவும் "ஆ" என்றிருக்க வேண்டும். பேச்சு வருகிற வழி அது. அந்தப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம், நாலாவது முறைதான் திரும்பினான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது, 1 வயதுக்குள் திரை வேண்டாம் என்று. குழந்தைப் பாட்டுதானே, ஏபிசிடி கற்றுக்கொடுக்கிறதே என்று என்னிடம் வாதாட வேண்டாம். 10 மாதத்துக்கு ஏபிசிடி எதற்கு?

போனை அணைத்துப் பைக்குள் போடச் சொன்னேன். அழுதான், நன்றாகவே அழுதான். பாயில் உட்காரவைத்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தோம். தரையில் இரண்டு தட்டு தட்டினான், சத்தம் பிடித்துப்போனது. அப்பத்தா தனக்கென்று வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்திலிருந்து ஒரு விள்ளல் வாங்கி அவன் கையில் வைத்தேன். பிசைந்தான், விரலிடுக்கில் வழிந்ததைப் பார்த்தான், நக்கினான். "சிந்துறான் டாக்டரம்மா" என்று அப்பத்தா துடைக்க ஓடிவந்தார். சிந்தட்டும் அப்பத்தா, கொஞ்சம் சும்மா இருங்க. அரைத் துண்டு உள்ளே போயிருக்கும், மீதி சட்டையிலும் காதிலும். அவன் பார்த்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

முதல் மூன்று, நாலு நாள் போன் கேட்டு அழத்தான் செய்வான். ஒரு வேளை குறைந்தால் ஒன்றும் ஆகாது, அடுத்த வேளை பசித்துவிடும். 20 நிமிடம் பாருங்கள், வாயைத் திருப்பினால் எடுத்து வையுங்கள். மூக்கைப் பிடித்துப் பாலாடையில் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். அந்தக் கேஸ்களைப் பற்றி இன்று எழுதினால் எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும்.

என்ன கொடுப்பது? 6 மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்குங்கள். 9 மாதத்தில் வேளைக்கு அரைக் கிண்ணம், நாளைக்கு மூன்று நாலு தடவை. மசித்த பருப்புச் சோறு, ஒரு சொட்டு நெய், முட்டை. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவும் நல்லதுதான், சில வீடுகளில் அது ஆட்டுக்குப் போகிறது. அப்புறம் மீன். கடல் வாசலில் இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு மீன் கொடுத்தால் மாந்தம் என்று பாலில் முக்கிய பிஸ்கட்டைக் கொடுக்கிறார்கள்! விளமீன், பாறை மாதிரி சதைப்பற்றான மீனை அவித்து, கத்தியை நம்பாமல் விரலால் தடவித் தடவி முள் எடுத்துக் கொடுங்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டை போதும். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அதற்காக 8 மாதப் பிள்ளை நாக்கில் குழம்பைத் தடவ வேண்டியதில்லை. 1 வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கும். பேர் சொல்லாதது என்று நீங்கள் சொல்கிற வசம்பைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், உரசி ஊற்றாதீர்கள்.

போனை எடுத்துவிட்டால் பிள்ளை எதோடு விளையாடும் என்று கேட்காதீர்கள். டம்ளர், கரண்டி, மூடி, ஓலைக் கிலுகிலுப்பை போதும். மடியில் வைத்துச் சாய்ந்தாடுங்கள். முழித்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு அரைமணி நேரமாவது குப்புறப் போடுங்கள். உட்காரவைத்து ஓட விடுகிற பிளாஸ்டிக் வாக்கரை விற்றுவிடுங்கள். கனடாவில் அதை 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள், இங்கே சீர்வரிசையாக வாங்கிக் கொடுக்கிறோம். நிற்கப் பழகினபின் தள்ளிக்கொண்டு போகிற பழைய மர நடைவண்டியைப் பற்றி நான் பேசவில்லை.

வலை கட்டுகிற வீடுகளுக்குத் தனியாக ஒன்று. திண்ணையில் வலை பின்னும்போது பிள்ளை பக்கத்திலேயே தவழ்கிறது. ஈயக்குண்டைச் சப்பிக்கொண்டிருந்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். ஈயம் மூளைக்கு விஷம், கொஞ்சம் போனாலும் கெடுதல்தான். விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கரையில் பொறுக்கிவந்த சோழியும் வேண்டாம். வாய்க்குள் முழுதாகப் போகிற எதுவும் தவழ்கிற பிள்ளை கைக்கு எட்டக் கூடாது.

கிளம்பும்போது அந்த அம்மா தயங்கிக் கேட்டார். "அவங்க அப்பா துபாய்ல இருக்காங்க. ராத்திரி வீடியோவுல வந்து பேசுவாங்க, அதையும் நிறுத்தணுமா?" வேண்டாம்மா. அது படம் இல்லை, ஆள். இவன் சிரித்தால் அவர் சிரிப்பார், இவன் கத்தினால் அவர் பதில் சொல்வார். நீங்களும் கூட உட்கார்ந்து பேச வையுங்கள். சோறு ஊட்டி, வாய் துடைத்தபிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.